16 அங்குல ஸ்க்ரோல் சா: ஒன்றரை வருடம் அறுத்த பிறகு

ஒரு கிளை, அதில் மூன்று குருவிகள், நிறைய இலைகள். போன வருடம் 6 மி.மீ. பிளைவுட்டில் நான் அறுத்த சுவர்ப்பலகை அது. இலைகளுக்கு நடுவே வெட்டி எடுக்க வேண்டிய இடைவெளிகளை எண்ணினால் 64 வரும். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் நுணுக்கமான வளைவுகளை அறுக்கும் மேசை ரம்பம்தான் ஸ்க்ரோல் சா. அதில் பழகியவர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டதுமே விஷயம் புரிந்திருக்கும். ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் முதலில் ஒரு துளை போட்டு, 64 முறை பிளேடைக் கழற்றி, அடுத்த துளைக்குள் கோத்து, திரும்ப மாட்டி, இழுவையை, அதாவது பிளேடு விறைப்பாக நிற்க இழுத்துப் பிடிக்கும் விசையைச் சரிசெய்ய வேண்டும். என் இயந்திரத்தில் ஒரு துளைக்கு மூன்றரை நிமிடம் ஆனது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி நேரம், ஒரு தூள்கூட மரம் அறுபடாமல்.

இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான். ஸ்க்ரோல் சா வாங்கும்போது எல்லோரும் மோட்டார், வேகம், பிளேடைத் தாங்கும் இயந்திரக் கையின் நீளம் என்று பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் பார்த்து வாங்கினேன். பார்த்திருக்க வேண்டியது பிளேடைப் பிடிக்கும் கிளாம்பை.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 16 அங்குலம் என்பது பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் உள்ள தூரம். பலகையைத் திருப்பித் திருப்பி அறுக்கலாம் என்பதால், வீட்டு வேலைக்கு இது தாராளம். பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை வரை மேலும் கீழும் போய் வரும். ஒரு குமிழைத் திருகினால் இந்த வேகம் மாறும். ஒவ்வொரு முறையும் அது நகரும் தூரம் முக்கால் அங்குலம். மேசை வார்ப்பிரும்பு, இடப்பக்கம் 45 டிகிரி வரை சாயும். இதே அமைப்புள்ள இயந்திரம் பல நிறங்களில், பல பெயர்களில் விற்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

இதற்கு முன் ஆறு வருடம் கையால் இழுக்கும் வில் ரம்பத்தில்தான் வேலை செய்தேன். அந்தக் கைக்கு இந்த இயந்திரம் கொடுத்த முதல் சந்தோஷம், இரண்டு கையும் மரத்தின் மேல் இருப்பது. கோட்டின் மேல் கண், மரத்தின் மேல் விரல், வேறு எதிலும் கவனம் தேவையில்லை. வளைவு வரும்போது மரத்தைத் தள்ளக்கூடாது, திருப்ப வேண்டும். இது பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. பிடிபட்டபின் ஒரு இலையின் நுனியை 5ஆம் எண் பிளேடு சுற்றி வருவதைப் பார்ப்பது, உண்மையிலேயே நாள் முழுக்கச் செய்யலாம் போன்ற வேலை. அந்த பிளேடின் அகலம் சுமார் 1 மி.மீ.தான்.

சரி, கிளாம்புக்கு வருகிறேன். இந்த வகை இயந்திரங்களில் இரண்டு விதமான பிளேடு போடலாம். ஒன்று, இரு முனையிலும் குறுக்காகச் சின்ன ஊசி உள்ளது. கொக்கியில் மாட்டுவதுபோல் மாட்டிவிடலாம், நொடியில் முடியும். ஆனால் அந்த ஊசி உள்ளே போக சுமார் 5 மி.மீ. துளை போட வேண்டும். குருவியின் கண்ணே 3 மி.மீ. என்றால் அங்கே அது உதவாது. இன்னொன்று, ஊசி இல்லாத வெறும் முனை. இதற்கு 1 மி.மீ. துளை போதும், 1ஆம் எண் போன்ற மெல்லிய பிளேடுகளும் இதில்தான் கிடைக்கின்றன. நுணுக்க வேலை செய்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். விளம்பரத்தில் 'இரண்டு வகையும் போடலாம்' என்று இருந்தது. பொய் இல்லை. வெறும் முனைக்கு ஒரு சின்ன உலோகத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். அதன் ஸ்க்ரூவை அலன் கீ என்ற அறுகோணச் சாவி வைத்துத் திருக வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் கையை நீட்டி இழுவையைத் தளர்த்தி, அலன் கீயைத் தேடி, மேல் ஸ்க்ரூவைக் கழற்றி, மரத்தைத் தூக்கி, அடுத்த துளைக்குள் பிளேடின் நுனியைக் கண் தெரியாமல் தடவிக் கண்டுபிடித்து... மூன்றரை நிமிடம் எங்கே போகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இதோடு இன்னொரு தொல்லை. இழுவையைக் கொடுத்ததும் பிளேடு 'டக்' என்று நழுவி வெளியே வரும். கிளாம்ப்தான் சரியில்லை என்று நினைத்து ஸ்க்ரூவை இன்னும் இன்னும் முறுக்கினேன். எட்டாவது மாதத்தில் ஸ்க்ரூ போகும் மரை தேய்ந்தே போய்விட்டது. விற்றவரிடம் கேட்டேன், அந்தத் துண்டு தனியாகக் கிடைக்காது, இயந்திரத்தின் மேல் கையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். விரல் நகம் அளவு உலோகத்துக்காக ஒரு முழுக் கையை வாங்கச் சொல்வது நியாயமே இல்லை. இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு உள்ள உண்மையான வருத்தம் அது ஒன்றுதான். தெரிந்த லேத் பட்டறையில் புதிதாக மரை போட்டுக் கொடுத்தார்கள். அப்படியே அலன் ஸ்க்ரூவுக்குப் பதிலாக விரலால் திருகும் ஸ்க்ரூவும் போட்டுக்கொண்டேன்.

நழுவியதன் காரணத்தை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். புது பிளேடுகள் துரு பிடிக்காமலிருக்க மேலே லேசாக எண்ணெய் பூசித்தான் வருகின்றன. விரலால் தடவினால் வழுக்கும். இப்போது ஒரு கட்டு பிளேடு வந்ததும், இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து வைத்துவிடுகிறேன். அதன்பின் விரல் பலத்தில் முறுக்கினாலே நிற்கிறது. இன்னொன்று: துளை போட்டபின் பலகையைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு துளையின் அடிவாயையும் பெரிய டிரில் பிட்டால் கொஞ்சம் அகலப்படுத்துகிறேன். பிளேடின் நுனி தானாகவே வழி கண்டுபிடித்து மேலே வந்துவிடுகிறது. இந்த இரண்டும், விரல் ஸ்க்ரூவும் சேர்ந்து மூன்றரை நிமிடத்தை 40 நொடியாக்கின. அதே 64 துளைக்கு இப்போது முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

கூடவே வந்த பிளேடுகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. முதல் நாளே ஒதுக்கி வைத்துவிட்டுத் தரமானதாக வாங்குங்கள். அடிப்பகுதியில் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் வகை பிளைவுட்டுக்கு நல்லது, அடிப்பக்கம் சிலும்பு எழாது. பிளேடு மழுங்கினால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பிளைவுட்டில் இருக்கும் பசை பிளேடைச் சீக்கிரம் தின்றுவிடும். மழுங்கிய பிளேடோடு மல்லுக்கட்டினால் அது கோட்டை விட்டு விலகும், மரம் கருகும். இழுவை சரியா என்று பார்க்க நான் பிளேடை நகத்தால் மீட்டிப் பார்ப்பேன். தந்தி மாதிரி உயர்ந்த சுருதியில் 'டிங்' என்று கேட்டால் சரி, 'தொப்' என்றால் இன்னும் இழுக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பயப்படும் ஒன்றுக்கு இயந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது. நேராகத் தள்ளினாலும் அறுப்பு வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பிளேடுக்குப் பல் வெட்டும்போது ஒரு பக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாக வெட்டுகிறது. மரத்தை இரண்டு மூன்று டிகிரி சாய்த்துக் கொடுத்தால் போதும். சில நாளில் கை தானாகவே அப்படி வைத்துக்கொள்ளும்.

மேசையின் டிகிரி அளவுகோலை நம்பவே வேண்டாம். என்னுடையதில் பூஜ்யம் என்று காட்டும்போது மேசை லேசாகச் சாய்ந்திருந்தது. மூலைமட்டம் வைக்க இயந்திரத்தின் கை இடம் கொடுக்காவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. கனமான துண்டு மரத்தில் முன்பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு அறுப்பு போடுங்கள். மரத்தைச் சுற்றி பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய், அதே அறுப்பை பிளேடின் முதுகில் நுழைத்துப் பாருங்கள். உரசாமல் நுழைந்தால் மேசை செங்குத்தாக இருக்கிறது. என் அக்கா மகளுக்கு ஒரு வரைபடப் புதிர் செய்து கொடுத்தபோது இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டுவிட்டேன். துண்டுகள் மேலிருந்து கோத்தால் சேர்ந்தன, கீழிருந்து தள்ளினால் சிக்கின. மறுபடி முழுதும் அறுக்க வேண்டியதாயிற்று. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்பொருளாக விற்றிருக்கிறார். அதெல்லாம் மின்சார மோட்டாருக்கு முந்திய காலம். அறுத்த எனக்குத்தான் அந்தக் கைகளின் அருமை தெரிகிறது.

அதிர்வு இருக்கிறது. கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் ரப்பர் விரித்தால் பாதிக்கு மேல் அடங்கும். வேகம் 1400க்கு மேல் போனால் மறுபடி ஆடும். நான் 900, 1000 தாண்டுவதில்லை. செர்ரி, மேப்பிள் போன்ற மரங்கள் வேகத்தில் கருகிவிடும். மரத்தில் அறுக்க வேண்டிய கோடுகளின் மேல் பார்சல் ஒட்டும் டேப்பை ஒட்டி அறுத்தால் கருகுவது நன்றாகக் குறைகிறது.

கோட்டின் மேல் விழும் தூளை ஊதக் கொடுத்திருக்கும் குழாய்க்கு மூச்சே இல்லை. அதை எடுத்துவிட்டு மீன்தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்றை மாட்டியிருக்கிறேன், அருமையாக வேலை செய்கிறது. ஊதிய தூள் நம் மூக்குக்குத்தான் வரும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. முகக்கவசம் இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

அப்படியானால் வாங்கலாமா? புதிர், பொம்மை, எழுத்து வடிவங்கள் என்று வெளி ஓரம் அறுக்கும் வேலைதான் அதிகம் என்றால் தயங்காமல் வாங்கலாம். மோட்டார் ஒன்றரை வருடமாக ஒருநாள்கூட மக்கர் செய்யவில்லை. என்னைப்போல் பலகையின் உள்ளே நிறைய இடைவெளிகள் வெட்டும் ஜாலி (சல்லடை) வேலைப்பாட்டில் ஆசை இருந்தால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, கருவி இல்லாமல் கையால் பூட்டும் கிளாம்ப், முன்பக்கமே இழுவை நெம்புகோல், மேலே தூக்கினால் அப்படியே நிற்கும் இயந்திரக் கை, இந்த மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். கடையில் மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்வதோடு விடாதீர்கள். மின்சாரத்தை அணைக்கச் சொல்லி, ஒரு வெறும் முனை பிளேடை நீங்களே ஐந்து முறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.