பைடான்டிக்: பெயர் மாறிய பிறகு

பைதானில் உள்ளே வரும் டேட்டாவின் டைப்பைச் சோதிக்க ஆறு வருடமாக எனக்கு பைடான்டிக் லைப்ரரிதான். அதன் வேகத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதன் மெத்தட் பெயர்களைப் பற்றி, அதாவது அதை வேலை வாங்கக் கூப்பிடும் ஃபங்ஷன்களின் பெயர்கள்.

முதல் பதிப்பில் பெயர்கள் ரத்தினச் சுருக்கம்: டிக்ட், ஜேசன், காப்பி, கன்ஸ்ட்ரக்ட். ஆனால் மாடலில் (டேட்டாவில் என்னென்ன ஃபீல்ட், என்ன டைப் என்று எழுதிவைக்கும் க்ளாஸ்) 'ஜேசன்' என்று ஒரு ஃபீல்ட் வைத்தால் எரர் வந்து நிற்கும். அந்தப் பெயரை லைப்ரரி முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

கன்ஸ்ட்ரக்ட்தான் என்னை ஒருமுறை நன்றாகப் படுத்தியது. பெயரைப் பார்த்து, சோதித்துத்தான் உருவாக்கும் என்று நம்பினேன். அது எதையும் சோதிக்காது. ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. எண்ணிக்கை ஃபீல்டில் "12" என்ற ஸ்ட்ரிங் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதை 3-ஆல் பெருக்கினால் 36 வரவில்லை, "121212" வந்தது. எரரும் கிடையாது, ஸ்ட்ரிங்கை மூன்று முறை அடுக்கச் சொன்னதாக பைதான் எடுத்துக்கொண்டது. கண்டுபிடிக்க அரை நாள்.

2023 ஜூனில் வந்த இரண்டாம் பதிப்பில் எல்லாம் 'மாடல்_' என்று தொடங்கின: மாடல்_டம்ப், மாடல்_வேலிடேட், மாடல்_கன்ஸ்ட்ரக்ட். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பிடிக்கிறது. கோடில் 'டிக்ட்' என்று தேடினால் ஊர்ப்பட்ட டிக்ட் வந்து விழும். மாடல்_டம்ப் என்று தேடினால் வேண்டியது மட்டும் வரும். ஆனால் 'மாடல்_' என்ற தொடக்கத்தை லைப்ரரி தனக்கென ஒதுக்கிக்கொண்டதால் 'மாடல்_நேம்' என்று ஃபீல்ட் வைத்தவர்களுக்குப் புதுத் தலைவலி, எச்சரிக்கையாகக் கொட்டியது. (மெஷின் லேர்னிங்காரர்கள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?) 2.10 பதிப்பில் அதைத் தளர்த்தினார்கள்.

ஒரு மாற்றம் மட்டும் இன்றுவரை எனக்கு ஒப்பவில்லை. பழைய பார்ஸ்_ஆப்ஜ்-தான் மாடல்_வேலிடேட் ஆனது. வேலிடேட் என்றால் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வதோடு நிற்க வேண்டும். இதுவோ ஸ்ட்ரிக்ட் என்ற கறார் ஆப்ஷனைப் போடாவிட்டால் "12"-ஐ 12 ஆக மாற்றியே கொடுக்கும். 'பார்ஸ்' (படித்து, வேண்டிய வடிவுக்கு மாற்றுவது) என்ற பெயராவது அதை ஒப்புக்கொண்டது. மாடல்_காப்பியில் அப்டேட் கொடுத்தாலும் புது மதிப்புகளுக்குச் சோதனை இல்லை. பெயரில் அதற்கு ஒரு சாடைகூடக் கிடையாது.

எங்கள் டீமில் மாடல்_கன்ஸ்ட்ரக்டை இப்போது யாரும் நேரடியாகத் தொடுவதில்லை. அதை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து 'அன்செக்ட்_பில்ட்' (சோதிக்காமல் உருவாக்குவது) என்று பெயரிட்டிருக்கிறேன். கோட் ரிவ்யூவில் அந்தப் பெயர் வந்தாலே, "ஏன் சோதிக்கவில்லை?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.