7 மில்லிமீட்டரால வந்த வினை: போட்டோ ஸ்கேனரோட ரெண்டு வருஷம்

விலை குறைஞ்சிருக்குன்னு பார்த்துட்டு நேத்து நைட்டு மாப்ள ஒருத்தன் போன் பண்ணான், "நீ வச்சிருக்கியே அந்த ஒல்லி ஸ்கேனர், வீட்ல இருக்க பழைய போட்டோ எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு வாங்கலாமா?"ன்னு. நான் பேச ஆரம்பிச்சு பாதியிலயே அவன் தூங்கிட்டான், அதான் இங்க எழுதுறேன்.

கம்பெனி பேர் சொல்லல, ஏன்னா என் கோபம் கம்பெனி மேல இல்ல, ஏ4 சைஸ் மேல. யுஎஸ்பி வயர்லயே கரண்ட் எடுத்துக்கிற சிஐஎஸ் டைப் (கண்ணாடிக்கு அடியில ஒட்டுன மாதிரி சென்சார் ஓடுற வகை) பிளாட்பெட்னு வச்சுக்கங்க, அதாவது கண்ணாடி மேல போட்டோவக் கவுத்து வச்சு மூடியப் போடுற ஸ்கேனர். கண்ணாடியோட நீளம் 297 மில்லிமீட்டர். நம்ம ஊரு மேக்ஸி சைஸ் போட்டோ, அதான் 4க்கு 6 இஞ்ச், நீளம் 152 மில்லிமீட்டர். அகலத்துல ரெண்டு தாராளமா உக்காருது, ஆனா நீளவாக்குல ரெண்டு வச்சா 304, சரியா 7 மில்லிமீட்டர் வெளிய நிக்குது! அதனால நாலு வைக்க வேண்டிய இடத்துல மூணுதான், அதுவும் ரெண்டு நின்னுகிட்டு ஒண்ணு படுத்துகிட்டு. என்கிட்ட இருந்தது 1,800 மேக்ஸி. நாலு நாலா போயிருந்தா 450 தடவை, மூணு மூணா போனதால 600. அந்த 150 தடவை சும்மா மூடியத் தூக்கி இறக்குனத யார் கணக்குல எழுதறது?

லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்சும் பார்த்தேன், ஒவ்வொரு போட்டோவையும் தனித்தனி ஃபைலா வெட்டித் தர வேண்டிய சாஃப்ட்வேர் அத ஒட்டிப் பொறந்த ரெட்டைன்னு நெனச்சு ஒரே ஃபைலா வெட்டிக் குடுத்துச்சு. தாத்தா காலத்து மூணரைக்கு அஞ்சு போட்டோன்னா நாலும் சமத்தா உக்காருது, அது ஒரு ஆறுதல்.

டப்பா மேல போட்டிருக்க 4800 டிபிஐக்கு (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) எல்லாம் மயங்காதீங்க. 600ல வச்சாலே ஒரு மேக்ஸிக்கு 2400க்கு 3600 பிக்சல் வருது, அதுக்கு மேல போனா ஃபைல்தான் வீங்கும். வெள்ளை பார்டர் போட்டோவும் வெள்ளை மூடியும் சேர்ந்தா ஓரத்தக் கண்டுபிடிச்சு தானா வெட்டுற ஆட்டோ கிராப் குழம்பிப் போய் எங்க சித்தப்பா தலைய ரெண்டு தடவை வெட்டிருச்சு, பின்னாடி ஒரு கருப்பு சார்ட் பேப்பர் வச்சதும் அடங்கிருச்சு. சுருண்டு போன போட்டோ கண்ணாடிய ஒட்டிப் படுக்கலன்னா இந்த சிஐஎஸ்ல அந்த இடம் மட்டும் மங்கிடும், மூடி மேல தடி டிக்‌ஷனரி ஒண்ணத் தூக்கி வைங்க. தேன்கூடு மாதிரி மேல சொரசொரன்னு இருக்கும்ல, அந்த சில்க் ஃபினிஷ் போட்டோவுக்கு மட்டும் ஒரு வழியும் தெரியல, அத்தனையும் புள்ளி புள்ளியா மின்னுது.

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு கிரகப்பிரவேச போட்டோ எந்த வருஷம்னு அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ரொம்ப நாளா தகராறு, ஒருத்தர் 1986ங்கிறாங்க இன்னொருத்தர் 1988ங்கிறாங்க. ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கிப் பார்த்தா பின்னாடி சுவத்துல நகக்கண்ணு சைஸ்ல ஒரு தினசரி காலண்டர், வருஷம் 1987! ரெண்டு பேரும் தோத்துட்டாங்க, ஒத்துக்கத்தான் மாட்டேங்கிறாங்க, "அது போன வருஷ காலண்டரா இருக்கும்"னு பெரியம்மா சொல்றாங்க. வெறும் கண்ணுல அந்த போட்டோவ எத்தனை தடவை பார்த்திருப்போம், ஒருத்தர் கண்ணுலயும் அது படல. அன்னைக்கு நைட்டு மூணு மணி வரைக்கும் உக்காந்து ஒவ்வொரு போட்டோவுலயும் சுவத்தையே பார்த்துட்டு இருந்தேன், குடுத்த காசு அன்னைக்கே எடுத்துட்டேன்னு வைங்க.

சரி, வாங்கலாமா? வாங்காத மாப்ள. உன் வீட்ல இருக்கறது மொத்தமே ரெண்டு ஆல்பம், அதுவும் பூரா மேக்ஸி, நீயும் அந்த 7 மில்லிமீட்டர்ல இடிச்சுகிட்டு எனக்குத்தான் போன் பண்ணுவ. என்னோடத வந்து எடுத்துட்டுப் போ. பெரியம்மா வீட்டு ட்ரங்க் பெட்டி ஒண்ணு பாக்கி இருக்கு, அதனால பொங்கல் கழிச்சு வா, வரும்போது கருப்பு சார்ட் பேப்பர் ஒண்ணு வாங்கிட்டு வந்துரு, இருக்கறது கிழிஞ்சிருச்சு.