ஹொரேஸ் 1498, வர்ஜில் 1502, ஓவிட் 1557: ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் எது?

மறுமலர்ச்சிக் காலத்தில் படங்களோடு அச்சான இலத்தீன் கவிதை நூல்களைச் சேர்க்க ஆசைப்படுகிறவர் முன்னால் சீக்கிரத்திலேயே பழைய ரோமானியக் கவிஞர்கள் மூவரின் பெயர்கள் வந்து நிற்கும். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யோஹான் கிரூனிங்கர் 1498இல் அச்சிட்ட ஹொரேஸ். அதே அச்சகத்திலிருந்து 1502இல் வந்த வர்ஜில். லியோனில் ழான் தெ தூர்ன் 1557இல் வெளியிட்ட ஓவிட். மூன்றையும் வாங்கும் வசதி படைத்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. பல ஆண்டு சேமிப்பைக் கொட்டி ஒரே ஒரு நூலை வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவருக்காக எழுதுகிறேன். என் ஓட்டு வர்ஜிலுக்கு. ஆனால் 1502ஆம் ஆண்டுப் படிக்கே அதைப் போடுவேனா என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஹொரேஸிடம் ஒரு பெரிய கவர்ச்சி உண்டு. 1500ஆம் ஆண்டு முடிவதற்குள் அச்சான நூல்களை அச்சுக்கலையின் தொட்டில் பருவத்தவை என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் விலையே தனி. கவிஞர் யாக்கோப் லோஹர் பதிப்பித்த இந்த நூல் கோட்டுக்குள் வருகிறது. ஹொரேஸின் கவிதைகள் படங்களோடு அச்சேறியதும் இதுவே முதல்முறை. 160க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. விற்பவர்கள் இந்த மூன்றையும் அழுத்திச் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான்.

ஆனால் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று உறுத்தும். வாலிபன் ஒருவன் ஒரு பாடலில் வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தாள் தள்ளி அவனே இன்னொருவனாக நிற்பான். கிரூனிங்கர் அந்நாளில் கையாண்ட சிக்கன முறை அது. ஒரு கட்டையில் ஆண், ஒன்றில் பெண், ஒன்றில் மரம், ஒன்றில் வீடு என்று தனித்தனியாகச் செதுக்கிவைத்துக்கொண்டு, எழுத்துக் கோப்பது போலவே படத்தையும் கோத்துவிடுவார். 1496இல் அவர் அச்சிட்ட டெரென்ஸ் நாடகங்களில் இந்த முறை பொருந்தியது. நாடகத்தில் இவரிவர் பேசுகிறார்கள் என்று காட்டினால் போதுமே. ஹொரேஸின் பாடலோ ஒரு மனநிலையை நாலு வரியில் பிடித்து வைப்பது. கடந்துபோகும் பொழுதைப் பற்றிய கவிதைக்கு மேலே முன்பே வேறெங்கோ நின்ற மரமும் வீடும் வந்து நிற்கும்போது, படமும் பாட்டும் ஒன்றையொன்று அறியாத பக்கத்து வீட்டுக்காரர்களாகிவிடுகின்றன. இந்த நூலை அச்சு வரலாற்றுச் சான்றாக மதிக்கிறேன். கவிதை நூலாக எனக்கு அதில் நிறைவு கிடைக்கவில்லை.

நான்கே ஆண்டுகளில் அதே அச்சகம் செய்த வேலையைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. வர்ஜிலைப் பதிப்பித்தவர் செபாஸ்டியன் பிராண்ட். முட்டாள்களை ஏற்றிச்செல்லும் கப்பலை 1494இல் பாடி, சில ஆண்டுகளிலேயே ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். இந்த முறை ஒட்டுக்கட்டைகள் இல்லை. பெரிய தாளில் 214 படங்கள். வரிக்கு வரி கவிதையைப் பின்பற்றும்படி திட்டமிட்டுச் செதுக்கப்பட்டவை. மனிதர்களின் அருகிலேயே அவர்கள் பெயர் இருக்கும். ஒரே சட்டத்துக்குள் இடது மூலையில் நடப்பதும், பின்னால் மலையடிவாரத்தில் சற்றுப் பொறுத்து நடப்பதும் ஒன்றாக இருக்கும். கண்ணை நகர்த்த நகர்த்தக் கதையும் நகரும். டைடோ அரசி ஜெர்மானியச் சீமாட்டியின் உடையில் இருக்கிறாள். கார்த்தேஜின் கூரைகள் ரைன் நதிக்கரை ஊர்க் கூரைகளைப் போலக் கூர்மையாக இருக்கின்றன. உழவைப் பாடும் ஜியார்ஜிக்ஸ் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. அங்கே வரும் மண்ணும் மாடும் மரமும் வரைந்தவர் தினமும் பார்த்த மண்ணும் மாடும் மரமும்.

இதைப் பிழை என்று சொல்பவர்கள் உண்டு. ரோமாபுரியைப் பற்றி ஒன்றும் அறியாதவர் வரைந்தது என்பார்கள். டிராய் நகரப் பூசாரி லாவகூனைப் பாம்புகள் சுற்றும் காட்சியைப் பாருங்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் நம் மனதில் வரும் பளிங்குச் சிலை, ரோமில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது 1506இல். இந்தப் படம் அதற்கு நான்கு ஆண்டு மூத்தது. சிலையின் நிழல் விழாமல், கவிதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அந்தக் காட்சியைக் கற்பனை செய்த கடைசித் தருணங்களில் ஒன்று இது. இதற்காகவே நான் எவ்வளவும் கொடுப்பேன்.

பிராண்ட் தன் நோக்கத்தை நூலிலேயே செய்யுளாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் வர்ஜிலை நாவன்மையோடு விளக்கட்டும், மாணவர்களுக்குப் பாடம் சொல்லட்டும். கல்லாதவர்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும் எளிய படங்களில் வர்ஜிலைத் தர நான் விரும்பினேன் என்பது அதன் சாரம். சுற்றிலும் செர்வியஸ் முதலான உரைகாரர்களின் உரை நெருக்கியடித்து நிற்கும் இலத்தீன் நூலை எந்த உழவரும் வாங்கியிருக்க மாட்டார். ஆனாலும் அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. எழுத்தை மறைத்துவிட்டு, வர்ஜிலின் காவிய நாயகன் ஈனியாஸின் பயணத்தைப் படங்களாலேயே தொடக்கம் முதல் முடிவு வரை தொடரலாம். வர்ஜில் எழுதிய பன்னிரண்டு காண்டங்களோடு 15ஆம் நூற்றாண்டில் மாஃபேயோ வேஜியோ எழுதிச் சேர்த்த பதின்மூன்றாம் காண்டத்துக்கும் படம் உண்டு. 1530ஐ ஒட்டிப் பிரான்சின் லிமோஜ் நகரத்தில் ஒரு கைவினைஞர் இந்தப் படங்களைப் பார்த்தே செப்புத் தகடுகளில் எனாமல் வண்ணம் தீட்டினார். அவற்றில் 80க்கு மேல் இன்றும் இருக்கின்றன.

இங்கே ஆல்டஸ் மனூஷியஸைச் சொல்லாமல் போக முடியாது. இதற்கு ஓராண்டு முன்னால், 1501இல், வெனிசில் அவர் வர்ஜிலைக் கைக்கடக்கமான அளவில், அப்போதுதான் பிறந்த சாய்வெழுத்தில் அச்சிட்டார். படமில்லை, உரையில்லை, வெறும் கவிதை. அழகில் அதற்கு ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் நாம் தேடுவது படம் உள்ள நூல்.

ஓவிடுக்கு வருவோம். மனிதர்கள் மரமாகவும் விலங்காகவும் உருமாறும் கதைகளை அவர் பாடிய நூலின் படப்பதிப்பு இது. பெர்னார் சலொமோன் வரைந்த 178 படங்களும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. அந்தச் சிறு இடத்தில் தூரத்து மலையும், காற்றில் பறக்கும் ஆடையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே மரமாகிப்போகும் டாஃப்னியும் இருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் மாறும் அலங்காரச் சட்டங்கள் வேறு. கலைத்திறனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் மூன்றில் இதுதான் முதலிடம். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

குறை என்னவென்றால், உள்ளே ஓவிட் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எட்டு வரிப் பிரெஞ்சுச் செய்யுள், அவ்வளவுதான். கதை இருக்கிறது, கவிதை போய்விட்டது. பிராண்டின் நூலில் படம் பாட்டுக்கு விளக்குப் பிடிக்கிறது. இங்கே பாட்டு படத்துக்கு அடியில் ஒரு குறிப்பாகச் சுருங்கிவிட்டது. இலத்தீன் வேண்டுமென்றால் 1563இல் பிராங்பர்ட்டில் வந்த பதிப்புகளைப் பார்க்கலாம். நியூரம்பர்க் ஓவியர் வெர்கில் சோலிஸ், சலொமோனின் படங்களை இடவலம் மாற்றி, சற்றுப் பெரிதாக்கிச் செய்தவை அவற்றில் இருக்கின்றன. ஓவிடை வரைந்தவருக்கு வர்ஜிலின் பெயர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் அவற்றுள் யோஹானஸ் போஸ்தியுஸின் நூலில் இருக்கும் இலத்தீனும் ஓவிடுடையதல்ல, போஸ்தியுஸ் எழுதிய நாலு வரிகள். பக்கத்திலேயே ஜெர்மனும் உண்டு. கோடுகளும் சலொமோனின் மென்மைக்கு எட்டவில்லை. குறைந்த செலவில் தொடங்க நினைப்பவருக்கு இதுவே நல்ல வாசல் என்பேன், நூலும் சிறியது.

இனி அந்தக் கேள்வி. 1502ஆம் ஆண்டு வர்ஜிலின் முழுமையான படி சந்தைக்கு வருவது அரிது, வந்தால் விலை மலைக்க வைக்கும். ஆனால் கிரூனிங்கரின் கட்டைகள் ஸ்ட்ராஸ்பர்க்கோடு நின்றுவிடவில்லை. அவை லியோனுக்குப் போய், 1517இல் ழாக் சகோன் அச்சிட்ட வர்ஜிலில் மீண்டும் இடம்பெற்றன. அவை நகல்கள் அல்ல, அதே கட்டைகள்தான். முதல் பதிப்பு என்ற பெயர் இல்லாததால் சேகரிப்பாளர்களின் போட்டி குறைவு.

என் முன்னால் பத்துத் தாள் குறைந்த 1502 படியும், குறைவில்லாத 1517 படியும் இருந்தால் யோசிக்காமல் 1517ஐ எடுப்பேன். இந்த நூலின் உயிரே தொடர்ச்சிதான். பத்துத் தாள் போனால் கதையில் பத்து ஓட்டை. 1517ஐ வாங்கும்போது படங்களின் சட்டக்கோடு எங்காவது உடைந்திருக்கிறதா, கோட்டுக்குக் குறுக்கே சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். உடைவு கட்டை அடிபட்டதையும், புள்ளி கட்டையில் பூச்சி அரித்ததையும் காட்டும். சில இடங்களில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வண்ணம் தீட்டிய படிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். நான் கொடுக்க மாட்டேன். இந்தப் படங்களில் நிழல் முழுவதும் நெருக்கமான இணைகோடுகளால் ஆனது. வண்ணம் ஏறினால் அந்த நெசவு மூடிப்போகிறது. மறுபடி பைண்டு செய்யும்போது ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தால், பக்கத் தலைப்பும் உரையின் விளிம்பும் போயிருக்கும். அதையும் கவனிக்க வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1502 படியை முழுவதுமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, விற்பவரின் படியில் படம் படமாக ஒப்பிட்டு எண்ணுங்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும், போகட்டும்.

தனித் தாள்களை மட்டும் வாங்காதீர்கள். டைடோவின் சிதை, டிராயின் குதிரை என்று சட்டம் போட்டு விற்கப்படுகிறவை, பெரும்பாலும் யாரோ ஒருவர் நல்ல நூலைப் பிரித்துப் போட்டதால் வந்தவை. குறைபட்ட நூலைத்தான் பிரித்தோம் என்று சொல்வார்கள். குறைபட்ட நூலிலும் நூற்றுக்கணக்கான படங்கள் தத்தம் கவிதைக்குப் பக்கத்தில் இருந்தன. சுவரில் தொங்கும் லாவகூனுக்குப் பக்கத்தில், அவனை வரைய வைத்த வரிகள் இல்லை.