பழைய செயின்சா (மரம் அறுக்கும் இயந்திரம்) வாங்கினால் ஸ்டில் எம்எஸ் 260-ஆ, எம்எஸ் 290-ஆ?

இரண்டாம் கைச் சந்தையில் 290 தான் அதிகம் கண்ணில் படும், விலையும் குறைவு. 56.5 சிசி என்றதும் 50.2 சிசி 260-ஐவிட மேல் என்று தோன்றும். ஆனால் எடை 5.9 கிலோ, 260 வெறும் 4.8. கிளை கழிக்கும் வேலையில் அந்த ஒரு கிலோ தோளைப் பதம் பார்த்துவிடும்.

உண்மையான வித்தியாசம் பழுது பார்க்கும்போதுதான் தெரியும். 260-க்கு மெக்னீசியம் கிராங்க்கேஸ் (இஞ்சினின் அடிக்கூடு). மஃப்ளர் (சைலன்சர்), கார்புரேட்டரைக் கழற்றி, டி27 ஸ்டார் பிட்டால் 4 ஸ்க்ரூவை எடுத்தால் சிலிண்டர் மேலே வந்துவிடும். 290-இல் இஞ்சின் பிளாஸ்டிக் உடலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் மாற்ற இஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது இஞ்சினின் அடிப்பாகத்துக்குச் சீலன்ட் (கசிவடைக்கும் பசை) ஒழுங்காகத் தடவாவிட்டால் காற்று கசியும். காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, புதுப் பிஸ்டனும் கருகும்.

எதை வாங்கினாலும் மஃப்ளரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துவாரம் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். செங்குத்தாகக் கீறல் இருந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) 150 பிஎஸ்ஐ-க்குமேல் இருந்தால் நல்லது. 120-க்குக் கீழே என்றால் பிஸ்டன் ரிங்காவது மாற்ற வேண்டிவரும்.

290-க்கு ஒரு வசதி உண்டு: எம்எஸ் 390-இன் 49 மிமீ சிலிண்டரும் பிஸ்டனும் அதில் பொருந்தும், 64.1 சிசி ஆகிவிடும். எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் இதைச் செய்யலாம். செலவழித்துச் சீராக்கி விற்பதானால் 260-ஐத் தேடுங்கள், மரம் வெட்டுவதே தொழிலாக உள்ளவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

பெட்ரோல் 5 லிட்டருக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில் 100 மில்லி, இரண்டுக்கும்.