மாலகா பழைய நகரம்: கோட்டையை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

லோயர் பஜாரிலிருந்து பெட்போர்டுக்குக் காய்கறிப் பையோடு ஏறிப் பழகிய குன்னூர்க்காரருக்கு, தென் ஸ்பெயினின் மாலகாவில் இருக்கும் 130 மீட்டர் கிப்ரல்பாரோ குன்று பெரிய ஏற்றமே அல்ல. அங்கே ஆளைச் சாய்ப்பது வெயில். கோடையில் 'தெரால்' என்னும் வறண்ட காற்று உள்நாட்டிலிருந்து வீசினால் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். நீலகிரி உடம்புக்கு மார்ச் முதல் மே வரையோ, அக்டோபர், நவம்பரிலோ போவதுதான் சரி. நவம்பர் இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

பெரும்பாலோர் கீழே இருக்கும் அல்கசாபா கோட்டையில் தொடங்கி, அங்கிருந்தே குன்றின்மேல் இருக்கும் கிப்ரல்பாரோ கோட்டைக்குப் போய்விடலாம் என நினைக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் மதில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதன் வழியே போக விடமாட்டார்கள். வெளியே வந்து, குன்றைச் சுற்றி ஏற வேண்டும். அதற்குப் பதில் 35-ம் எண் பஸ்ஸில் கிப்ரல்பாரோவுக்கு முதலில் போய்விடுங்கள். மதில்மேல் ஒரு சுற்று நடந்தால் துறைமுகமும் வட்டமான காளைச்சண்டை அரங்கமும் காலடியில் தெரியும். பிறகு நடந்தே இறங்கலாம். பாதைக் கற்கள் தேய்ந்து வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். இரு கோட்டைக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினால் செலவு குறைவு. ஞாயிறு மதியம் 2 மணிக்குமேல் இலவசம்தான், ஆனால் கூட்டம் நெரிக்கும்.

11-ம் நூற்றாண்டு அல்கசாபாவுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். எதிரி நேராகப் பாய்ந்து வராதபடி வாசல்களை மடக்கி மடக்கிக் கட்டியிருக்கிறார்கள். தூண்கள் சிலவற்றை அடிவாரத்து ரோமானிய அரங்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் புதைந்து கிடந்த அந்த அரங்கம் 1951-ல்தான் வெளிப்பட்டது. அதற்குக் கட்டணமில்லை, திங்கள் விடுமுறை. முழங்கால் வலிக்காரர்களுக்கு நகராட்சிக் கட்டடத்தின் பின்புறம் அல்கசாபாவுக்கு லிப்ட் உண்டு.

ஊரின் பெரிய தேவாலயத்தின் தெற்குக் கோபுரம் பாதியில் நின்றுபோனது. அதனால் ஊரார் அதை 'மன்கீத்தா', ஒற்றைக்கைக்காரி, என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தாலே திருப்தி.

அதாரசானாஸ் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குப்பின் கடைகளை மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. சைவம் சாப்பிடுவோர் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் சாலட்டில் டூனா மீன் வந்துவிடும். மீன், ஹாமோன் என்னும் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பொரித்த கத்தரிக்காய்மேல் கரும்புப்பாகு ஊற்றித் தருவார்கள், கட்டாயம் சாப்பிடுங்கள். பாதாம், பூண்டு, ரொட்டி அரைத்த குளிர்ந்த 'அஹோபிளாங்கோ'வும் அருமை. இரவுச் சமையல் எட்டரை மணிக்குமேல்தான் சூடுபிடிக்கும்.

காபிக்குப் பால் அளவை வைத்துப் பெயர்: 'மிதாத்' பாதிக்குப் பாதி, 'சோம்ப்ரா' பால் தூக்கல், 'நூபே' என்கிற மேகத்தில் டிகாஷன் பெயருக்குத்தான். டீ கேட்டால் வெந்நீரும் பையும்தான் வரும். கோத்தகிரி டஸ்ட் டீ கால் கிலோ பெட்டியில் இருக்கட்டும்.