கொலுசைக் கொலையாக்கும் போனோடு ஏழு வருடம்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். "அண்ணா, கொலுசு ரெடி, நாளைக்கு ஆள் அனுப்புங்க" என்று போனிடம் சொன்னேன். போய்ச் சேர்ந்தது, "அண்ணா கொலை ரெடி நாளைக்கு ஆள் அனுப்புங்க." இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. நல்ல வேளை, மனிதர் என் கதைகளைப் படிப்பவர். சிரித்துக்கொண்டே, "யாரைங்க?" என்றார்.

பகலில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் த்ரில்லர் நாவல். பதிப்பகம் கிடையாது. எழுதுவது, திருத்துவது, அட்டைக்கு ஆள் பிடிப்பது, மின்நூலாக ஏற்றுவது எல்லாம் நானேதான். ஆறு நாவல் வந்திருக்கிறது, ஏழாவது ஓடுகிறது. முதலாவதைத் தவிர மற்றவை எல்லாம் பெரும்பகுதி போனில் பேசி எழுதியவை. குரல் தட்டச்சை வைத்து நாவல் எழுத முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு முதல் மாத உற்சாகத்தில் எழுதிய அனுபவங்கள்தான் கிடைக்கின்றன. ஏழு வருடம் ஓட்டிய பழைய வண்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் நாவலைத் தமிழ்99 விசைப்பலகையில் அடித்தேன். 1999இல் அரசு தரப்படுத்திய அந்த விசைப்பலகை பழகிவிட்டால் கைக்குச் சுகம்தான். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு சொல்லுக்கு மேல் எனக்கு நகர்ந்ததில்லை. 2018 தொடக்கத்தில் ஓர் அச்சகத்தில் 300 பிரதி போட்டேன். பதினாறு பக்கம் ஒரு பாரம். பைண்டிங்கில் என்ன குளறுபடியோ, நாற்பது பிரதி வரை கடைசிப் பாரம் சேரவில்லை. அந்த இடத்தில் ஒன்பதாவது பாரம் இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தது. கொலையாளி யார் என்று தெரிவது அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்தில். என் நம்பரைப் புத்தகத்தில் போட்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரிசையாக அழைப்பு. "சார், காரை மூடிட்டு ஆசாமி இறங்குறான், அதுக்கப்புறம் மறுபடி கல்யாண வீடு வருதே?"

அச்சகத்துக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை, அது தனிக்கதை. அழைத்தவர்களுக்கு நான் முடிவை வாயால் சொன்னேன். முதல் நாலைந்து பேருக்குப் புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். அப்புறம் கேட்கிறவர் எங்கே "ம்" கொட்டுகிறார், எங்கே மூச்சை நிறுத்துகிறார் என்று காது பிடிக்க ஆரம்பித்தது. ஓர் இடத்தை முன்னால் இழுத்தேன், ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்தினேன். இருபதாவது ஆளுக்குச் சொன்ன முடிவு அச்சில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி போனில் அந்த மைக் படத்தை முதல்முறையாக அழுத்தினேன். கூகுள் தமிழுக்குக் குரல் தட்டச்சு கொடுத்தது 2017 ஆகஸ்டில். ஆறு மாதமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது, நான்தான் தொட்டதில்லை.

கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் விடிகாலை ஐந்தரைக்கு நடக்கிறேன். காதில் ஒயர் மாட்டிய சாதாரண இயர்போன், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைப்பது. ஒயர் இல்லாததையும் வாங்கிப் பார்த்தேன், ஏரிக் காற்றில் அதற்குப் பாதி கேட்கவில்லை. சட்டைக் காலரில் மைக்கைச் சொருகிக்கொண்டு பேசினால் ஓரளவு சுத்தமாக விழுகிறது. ஏரி நடுவில் உள்ள திட்டுகளில் பறவைகள் கத்தும் நேரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் அக்கம்பக்கம் பார்க்காமல் பேசிவிட்டேன். "உடம்பை எங்கே போட்டே? ராத்திரிக்குள்ள எடுத்தாகணும்" என்று சொல்லிக்கொண்டு போனபோது எதிரே வந்த தம்பதி அப்படியே திரும்பி நடந்தார்கள். இன்னொரு நாள் ஒரு பெரியவர் நிறுத்தி, "தம்பி போலீஸுங்களா?" என்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் மறுநாளிலிருந்து பத்தடி பின்னால் நடந்து வர ஆரம்பித்துவிட்டார்.

போன் எழுதித் தருவது எப்படி இருக்கும் என்பதற்கு, நாலாவது நாவலுக்கு நான் பேசியதில் ஒரு துண்டு, விழுந்தபடியே: "கதவை தள்ளினான் உள்ளே யாரும் இல்லை விளக்கு மட்டும் எரிந்தது டாக்டர் தினம் வரைக்கு போய் இருக்கார் உங்க என்றான் காவலாளி". நான் சொன்னது, "டாக்டர் பிணவறைக்குப் போயிருக்காருங்க." பிணத்தை அது பல சமயம் தினமாக்கிவிடும். நாள் கடந்து உட்கார்ந்து திருத்தினால், தினம் வரைக்கும் போன டாக்டர் யார் என்று எனக்கே புரியாது. அதனால் பேசிய அன்றைக்கே திருத்திவிட வேண்டும் என்பது நான் சொந்தச் செலவில் கற்ற பாடம்.

முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் நாமேதான் வைக்க வேண்டும். ஒற்று பாதி இடத்தில் வராது. ல, ள, ழ விஷயத்தில் போனைக் குறை சொல்ல மாட்டேன், என் வாய் அப்படி. நம் பக்கத்து "ங்க"தான் பெரிய தலைவலி. "வரேனுங்க" என்றால் "வரேன் உங்க" என்று பிரித்துப் போடும். பாத்திரங்களை எல்லாம் எழுத்துத் தமிழ் பேச வைத்தால் பிழை குறையும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். சேலத்து ஆட்டோக்காரர் "வருகிறேன் ஐயா" என்றால் அந்தக் கதையை எவன் படிப்பான்?

வேகம் என்று பார்த்தால், ஒரு மணி நேரம் பேசினால் இரண்டாயிரத்து ஐந்நூறு சொல் விழும். திருத்த இன்னும் ஒன்றரை மணி நேரம். திரும்பச் சொன்னது, உளறியது எல்லாம் கழித்தால் ஆயிரத்து ஐந்நூறு நிற்கும். இரண்டரை மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றால் மணிக்கு அறுநூறுதான். ஆமாம், தட்டச்சு வேகமேதான்! இந்தக் கணக்கை மூன்று வருடம் கழித்துத்தான் போட்டுப் பார்த்தேன், கணக்கெழுதுகிறவன் என்று வெளியே சொல்ல வெட்கம். ஆனாலும் விடவில்லை. முதுகுவலி போனது, நடை கிடைத்தது. வசனம் மட்டும் வேறு ரகமாக வந்தது. இரண்டு பேர் சண்டை போடும் காட்சியை உட்கார்ந்து அடித்தால் இருவரும் என் குரலில் பேசுவார்கள். நடந்துகொண்டே சொன்னால் ஒருவன் குறுக்கே பாய்கிறான், இன்னொருவன் பதிலை முழுங்குகிறான்.

குறை எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது நாவலில் உறைத்தது. படித்தவர்களில் பாதிப்பேர், ஆறாம் அத்தியாயத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றார்கள். திரும்பப் படித்தேன். அந்த ஆள் வரும் இடத்தில் எல்லாம் நான் ருசித்துப் பேசியிருந்தேன். மற்றவர்களுக்கு ஒரு வரி என்றால் அவனுக்கு மூன்று வரி. கதை சொல்கிறவனுக்கு முடிவு தெரியும், நாக்கு தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்கிறது.

பட்டறையில் கொலுசு வளையத்தைப் பற்றவைக்கும்போது இணைப்பில் பொடி வைத்து நெருப்புக் காட்டுவார்கள். உருகி ஓடிப் பிடித்த பிறகு, மெருகும் ஏறிவிட்டால் இணைப்பு எங்கே என்று தேட வேண்டும். பொடி வைத்துப் பேசுவது என்று நாம் சொல்வதும் அந்த வேலைதான். என்னைக் கேட்டால், பொடியை எழுதித்தான் வைக்க முடிகிறது. வாயால் வைத்தால் சிந்திவிடுகிறது.

அடுத்த நாவலில் ஓர் இடம். மழை நாள், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். கணக்குப்பிள்ளை வெளியே இருந்து வந்ததாகச் சொல்கிறார், அது பொய். ஏரிக்கரையில் நான் சொன்னது, "குடையை மடக்கி மூலையில் வைத்தார். குடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை." நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி. வீட்டுக்கு வந்து லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதியது, "குடையை மூலையில் சாய்த்தார். அதன் அடியிலேயே அன்றைய பேப்பரை விரித்துக் குனிந்து இரங்கல் விளம்பரங்களைப் படித்தார்." ஈரக்குடையின் கீழே யாராவது பேப்பரை விரிப்பார்களா? படித்தவர்களில் ஒரே ஒருவர்தான் பிடித்தார், அவரும் இரண்டாம் வாசிப்பில்.

அதிலிருந்து ஏற்பாடு இதுதான்: பேச்சு, சண்டை, துரத்தல் எல்லாம் போனுக்கு. தடயம், நேரக் கணக்கு, கொலையாளி தனியாக இருக்கும் காட்சி எல்லாம் நோட்டுக்கு.

நேரக் கணக்குக்காக மலை ஏறுவதும் உண்டு. அஸ்தம்பட்டியிலிருந்து பைக்கில் கிளம்பினால் ஏற்காடு ஏரிவரை, வார நாளில் எனக்கு ஐம்பது நிமிடம். போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த நிறுவனம், கருணாநிதி வசனம் எழுதிய இடம். இப்போது வளைவுதான் மிச்சம். அதைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே சம்பளத்துக்கு உட்கார்ந்து வசனம் எழுதியவர்களுக்கு ஒரு மைக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தோன்றும். அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. அங்கே குரல் தட்டச்சு சுத்தமாகப் பயனில்லை. சிக்னல் வளைவுக்கு வளைவு போகும், பாதி வாக்கியம் காற்றோடு போகும். பகோடா பாயிண்டில் ஒரு பத்தி முழுக்கப் பேசிவிட்டுப் பார்த்தால் திரையில் "ஆ" என்று ஓர் எழுத்து இருந்தது. மலைக்கு நோட்டும் பேனாவும்தான்.

மலை கொடுத்த பெரிய சொத்து குளிர். பிணம் விறைப்பது வெயிலில் சீக்கிரம், குளிரில் தாமதம். சேலத்துச் சித்திரை வெயிலுக்கும் ஏற்காட்டு மார்கழிக்கும் உள்ள வித்தியாசத்தில், கொலை நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்கிற ஓர் அலிபியையே ஒளித்துவைக்கலாம், ஐந்தாவது நாவலில் வைத்தேன். கொலையாளி குப்பனூர் வழியாக இறங்கித் தப்பிக்கிறான். அந்தப் பாதையை மூன்று முறை ஓட்டிப் பார்த்துத்தான் நேரத்தை நோட்டில் ஏற்றினேன்.

ஆறாவதில் வேறு சிக்கல். இன்ஸ்பெக்டர் வாய்க்கு வாய் "முன்னூத்தி ரெண்டு" என்பார். பேசி முடித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு இனி 103. புதுச் சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு. கதை நடப்பது அந்த ஆகஸ்டில். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர் படித்துவிட்டு, "உங்க இன்ஸ்பெக்டர் கொலைகாரனைச் சாமியைத் திட்டினதுக்கா பிடிக்கிறாரு?" என்றார். "நூத்தி மூணு" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், மிரட்டலாகவே இல்லை. ஜூலைக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால், கொலையை ஜூன் 28க்கு நகர்த்திவிட்டேன். மழைக் காட்சிகளைத்தான் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

காசு பற்றியும் கேட்பார்கள். கிண்டிலில் மட்டும்தான் விற்கிறேன் என்று தொண்ணூறு நாள் ஒப்பந்தத்தில் போட்டால், சந்தாதாரர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். எனக்கு வருவது பைக்குக்குப் பெட்ரோல், சில மாதம் அதோடு ஒரு சர்வீஸ்.

ஏழு வருடத்தில் போன் மூன்று மாறியது, இயர்போன் எத்தனை என்று எண்ணவில்லை. முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாகவே கேட்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். குடும்பக் கதை, வாழ்க்கை வரலாறு, பாட்டி சொன்ன கதை எழுதுகிறவர்கள் யோசிக்காமல் ஆரம்பிக்கலாம். மர்மம் எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

போன வியாழக்கிழமை ஏழாவது நாவலின் எட்டாம் அத்தியாயத்தைப் பேசிக்கொண்டே நடந்தேன். ஒரு டிரைவர், டீக்கடை, சும்மா போகிற போக்கில் ஒரு பேச்சு. முடித்துவிட்டு இயர்போனைக் கழற்றினேன். பின்னால் வந்த பெரியவர் வேகமாக நடந்து பக்கத்தில் வந்து, "அந்த டிரைவர்தானுங்களே?" என்றார்.

"எப்படிங்கய்யா சொல்றீங்க?"

"அவன் பேசறப்ப மட்டும் உங்க நடை மெதுவாகுதுங்க தம்பி."

கரையில் இருந்த கல் பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்த மூன்று வரியையும் அழித்தேன். டிரைவர் இப்போது டீயைக் குடித்துவிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போகிறார்.