பனியன் துணி செக்கிங் கோர்ஸ் தயாரிக்க நோட்புக்எல்எம்

திருப்பூரில் துணி செக்கிங் சொல்லித்தர ஆன்லைன் கோர்ஸ் தயாரிப்பவர்களுக்கு நாம் ஏற்றும் கோப்புகளை வைத்தே பதில் தரும் கூகுளின் ஏஐ கருவியான நோட்புக்எல்எம் நல்ல தொடக்கம். இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்புக்கில் 50 கோப்புகள் வரை ஏற்றலாம். மாஸ்டர் பேசிய ஒலிப்பதிவு, பழைய செக்கிங் ரிப்போர்ட் எல்லாம் போட்டு, "ஐந்து நிமிடப் பாடங்களாகப் பிரி" என்றால் பிரித்துத் தரும். எந்தத் தகவல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று எண் போட்டுக் காட்டுவதுதான் பெரிய பலம்.

கணக்கில்தான் கண் வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டிய வட்டத் துண்டு 100 சதுர சென்டிமீட்டர், எடை 1.6 கிராம் என்றால் நூறால் பெருக்கி 160 ஜிஎஸ்எம். துணிக் குறைகளின் நீளத்துக்கு ஏற்ப பாயின்ட் போடும் 4 பாயின்ட் முறையில் 3 அங்குலம் வரையான குறைக்கு 1 பாயின்ட், 9 அங்குலத்துக்கு மேல் போனால் 4. ஏஐ எழுதும் கேள்வி பதிலில் இந்த எண்கள் இடம் மாறலாம். ஒவ்வொன்றையும் கையால் போட்டுப் பார்க்காமல் வெளியிடவே கூடாது.

அடுத்தது மொழி. தானாக எழுதவிட்டால் தொழில் சொற்களைப் புத்தகத் தமிழாக்கிவிடும். கம்பெனியில் வேலை பார்க்கிறவர் அதோடு பாடத்தை மூடிவிடுவார். ஓவர்லாக், ரிப், காஜா என முப்பது நாற்பது சொற்களை ஒரு தாளில் எழுதி, அதையும் ஏற்றி, "இவற்றை மாற்றாதே" என்று சொல்லிவிடுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டும் குரல் கருவிக்குப் போகும் உரையில் 1.6 என்று விடாமல் 'ஒன்று புள்ளி ஆறு' என்றே எழுதுங்கள்.

ஓட்டை, எண்ணெய்க் கறைக்கு ஏஐ படம் வேண்டவே வேண்டாம். உண்மைத் துணியை நல்ல வெளிச்சத்தில் விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, போனிலேயே எடுங்கள்.